கோலெட்டின் கல்லூரியும் அடி பிடித்த அண்டாவும்

செயின்ட் ஓடில், விஸ்கான்சின்
மே மாதம், ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள ரெனேக் கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கை கோலெட்டும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், பூயா சூப்பு காய்ச்சுகிற அண்டா ஒன்றைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் ஒரு குறையுமில்லை, அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் அந்த மங்கோலியக் காற்றிலும் ஆட்டுக்கறியிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமென்றால் நீ மேட்டில் ஏறி நின்றால்தான் உனக்கு லைன் கிடைக்கும், கிடைத்தாலும் கேட்கிறதா கேட்கிறதா என்று கத்தி முடிப்பதற்குள் போய்விடும், இது அப்படி அரைகுறையாகச் சொல்லித் தீர்க்கிற சமாசாரமில்லை. இன்று என் பார்லருக்கு விடுமுறை, காபி போட்டு வைத்துக்கொண்டு முடி வெட்டுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நினைத்தால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை, கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

கோலெட்டை இரண்டு இடத்திலும் எடுத்துக்கொண்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒன்று மாடிசனில் இருக்கிற நம் மாநிலப் பல்கலைக்கழகம், இன்னொன்று மாசசூசெட்ஸில் இருக்கிற ஆல்டன்பரி. மே முதல் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று சொல்லியாக வேண்டும். மாடிசன் நம் கைக்கு எட்டுகிற இடம், கோலெட் கோடையில் வேலை பார்த்து நாமும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் முடிந்துவிடும். ஆல்டன்பரிக்காரர்களும் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளித்தான் கொடுத்தார்கள், தள்ளியது போக மிச்சத்துக்கு நம் வீட்டை இன்னொரு முறை விலைக்கு வாங்கலாம். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ரொட்டிப் பை கட்டுகிற கம்பித் துண்டைக்கூடத் தூக்கிப் போடாமல் டிராயரில் சேர்த்து வைக்கிற மனுஷன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறாய்? செலவைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, என் மகள் ஆல்டன்பரிக்குத்தான் போகிறாள் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். எனக்கு இது உன் அப்பா ஜெரார்தானா, இல்லை அவர் ஓட்டுகிற பால் லாரியில் வேறு யாராவது ஏறி வந்துவிட்டார்களா என்று சந்தேகமே வந்துவிட்டது.

பிறகு ஏப்ரல் முதல் வாரம் மூன்று பேரும் ஆல்டன்பரியைப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மாடி, அது கல்லூரி இல்லை, அரண்மனை. புத்தகசாலையில் ஏணி வைத்து ஏறுகிறார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் ராஜாக்கள் மாதிரி ஆட்களின் படங்கள் வரிசையாக நம்மையே முறைக்கின்றன. எங்களைச் சுற்றிக் காட்ட வந்த பெண் முழு நேரமும் எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள், படியில் இறங்கும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, கல் தடுக்கவில்லை. உன் அப்பா கட்டடத்தை எங்கே பார்த்தார், அவள் காலையே பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி போனார். ஏணி எவ்வளவு பாரம் தாங்கும், ராத்திரி விளக்கை யார் அணைப்பார்கள் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார், மற்ற அப்பாக்கள் எல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து இவரும் பின்பக்கமாகத்தான் நடை. உன் அத்தை லவோன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் மாடுகளைப் பார்த்துக் கையை விரித்து, இடது பக்கம் பார்த்தீர்களானால் வைக்கோல் மண்டபம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய்ச் சாணிக் குழியில் ஒரு காலை விட்டார். அந்தக் காலைக் கழுவின கையோடு ஆல்டன்பரி ஸ்டிக்கரை எடுத்து வந்து நம் பிக்கப் வண்டியின் பின் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். கோலெட் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டேன், பெருமை பிடிபடாத மனுஷன் காதில் ஏறினால்தானே.

மாடிசனுக்கு நானும் கோலெட்டும் மட்டும்தான் போனோம், அப்பாவுக்கு அன்று பால் எடுக்கிற வேலை. அங்கே பின்பக்கமாக யாரும் நடக்கவில்லை, நாங்கள்தான் வழி தெரியாமல் முன்னும் பின்னும் நடந்தோம். ஏரிக்கரைப் பக்கம் போனபோது நாலைந்து பிள்ளைகள் இடுப்பு வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சேறும் பாசியுமாகத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார்கள். அதில் ஒருத்தி கோலெட்டிடம் ஏரித் தண்ணீர் பிடித்த ஒரு பாட்டிலை நீட்டி, இதைக் கொஞ்சம் பிடி, ஆட்டிவிடாதே என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். உன் தங்கை அந்தப் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள், எனக்குப் பசி உயிர் போகிறது, அவளுக்கு நகர மனசில்லை. சின்ன வயதிலிருந்தே கோடையில் நம் விரிகுடாத் தண்ணீர் ஏன் பச்சையாகிறது, மீன் ஏன் மல்லாக்க மிதக்கிறது என்று நம் பிராணனை வாங்கினவள்தானே. திரும்பி வரும்போது பாதி வழி தாண்டியிருப்போம். அம்மா, எனக்கு அங்கேதான் போகணும், ஆனால் அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது சத்தியம் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது.

ரெனே, உன் அம்மாவிடம் ரகசியம் சொல்வதும் ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதும் ஒன்று என்று நீதானே சொல்லுவாய். இருந்தாலும் நான் என்னால் ஆனமட்டும் அடக்கினேன். அடக்க அடக்கத் தலை வெடித்துவிடும் போலிருந்தது, ராத்திரி தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயந்து சோபாவில் போய்ப் படுத்தேன், உன் அப்பாவிடம் முதுகு வலி என்று சொல்லிவைத்தேன். கடைசியில் லவோன் முடிக்குச் சாயம் பூச வந்தாள், தலை முழுக்கச் சாயத்தோடு நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத ஆளிடம் சொன்னால் அது எங்கே போய்விடும் என்று ஒரு நினைப்பு, சொல்லிவிட்டேன். சாயத்தைக் கழுவிவிடும்போது அவள், எனக்கு அப்பவே தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தவளையும் மீனும்தான், ஏணியெல்லாம் எங்க அண்ணனுக்குத்தான் என்றாள். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். வாரம் முடிவதற்குள் செயின்ட் ஓடிலில் முடி வெட்டிக்கொள்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் கோலெட் மாடிசனுக்குத்தான் போகிறாள் என்று தெரியும். ஒருத்தியும் புருஷனிடம் சொல்லவில்லை, அதுதான் அதிசயம். புருஷனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்கிற சந்தோஷத்தில் எல்லோருக்கும் கன்னம் கொழுத்துவிட்டது, முடி வெட்டத் தேவையில்லாதவர்களும் வந்து உட்கார்ந்து வெட்டிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பக்கம் நான் இப்படி என்றால் அந்தப் பக்கம் உன் அப்பா. அவர் ஒரு பண்ணை விடாமல் தினம் விடியற்காலையில் போகிறவர், பால் தொட்டிக்குக் குழாயை மாட்டிவிட்டு நிரம்புகிற வரைக்கும் வேறென்ன வேலை, ஆல்டன்பரிப் புராணம்தான். ஆகமொத்தம் ஊரில் ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் கோலெட் கிழக்கே போகிறாள், பொம்பிளைகள் அத்தனை பேருக்கும் மாடிசன் போகிறாள், ராத்திரி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கினார்கள். எனக்குச் சிரிப்பும் பயமும் மாறி மாறி வந்தது. பாவம் கோலெட், அப்பாவிடம் சொல்லப் போகாமலில்லை. ஒரு நாள் லாரியைக் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள், அவர் குளிருக்கு அங்கே என்ன கோட்டு போடுவார்கள் என்று விசாரித்துவைத்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இன்னொரு நாள் மீன் பிடிக்கப் போன இடத்தில் வாயைத் திறந்தாள், அவர் கண் கலங்கி, நம்ம குடும்பத்திலேர்ந்து ஒருத்தி அந்த ஏணியில ஏறப் போறா என்று சொல்லிவிட்டார், இவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என் மடியில் தலையை வைத்து அழுதாள், அம்மா, அப்பா இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்லை, நான் எப்படி அதைக் கெடுப்பேன் என்றாள். அப்போதுதான் எனக்கு விளையாட்டுப் புத்தி போயிற்று. அவர் மனசு நோகக் கூடாது என்று இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டே ஆல்டன்பரியில் போய் உட்கார்ந்துவிடுமோ, நாலு வருஷம் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்த லட்சணத்தில் ஏப்ரல் கடைசி ஞாயிறு தீயணைப்புக் கொட்டகையில், ஊரே கூடிக் கறியும் காய்கறியும் போட்டு அண்டாவில் சூப்பு காய்ச்சுகிற வழக்கமான பூயா விருந்து வந்தது. இந்த வருஷம் பூயாவைக் கோலெட்டை வழியனுப்புகிற விருந்தாக வைத்துவிடலாம் என்று கொட்டகைத் தலைவர் நோர்பர்ட் மாமா, அதுதான் லவோனின் வீட்டுக்காரர், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு பண்ணிவிட்டார். கொட்டகை வாசலில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பச்சைத் துணியில் "எங்கள் கோலெட் ஆல்டன்பரிக்கு" என்று எழுதிக் கட்டினார்கள், ஆம்பிளைகள் எல்லோரும் ஆல்டன்பரிப் பச்சையில் தொப்பி. பொம்பிளைகள் எல்லோரும் மாடிசன் சிவப்பில் சட்டை, கையில் செர்ரி வைத்துச் சுட்ட பெல்ஜியன் பை என்கிற பலகாரம், அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாரும் ஏன் சிவப்பு என்று கேட்டார், இந்த வருஷம் அதுதான் நாகரிகம் என்று சொன்னேன். வழக்கம்போல இரண்டு அண்டா, ஒன்றில் மாட்டு வால் போட்டது, ஒன்றில் வெறும் கோழி, முட்டைக்கோஸும் காரட்டும் மலையாகக் கிடந்தது. பெரிய அண்டாவைக் கிளறுகிற துடுப்பு உன் அப்பா கையில்.

கொட்டகைச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. துடுப்பைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னால் பூயா அடி பிடிக்கும், அதனால்தானே நோர்பர்ட் மாமா மீன் பிடித்த கதை சொல்ல வேண்டுமென்றால் துடுப்பை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப் போய்ச் சொல்லுவார். அப்பா துடுப்புப் பிடித்து இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கருகினது கிடையாது. பூசை முடிந்து ஊரே காலி ஐஸ்கிரீம் வாளியும் குண்டானுமாக வரிசையில் நின்றது. பேசச் சொன்னார்கள். அவர் துடுப்பை விடாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் மகளுக்கு ஆல்டன்பரிக்குப் போகணும்னு ஆசை, அவ ஆசைக்கு எதுவும் குறுக்கே வர நான் விடமாட்டேன், என் கையில தெம்பு இருக்கிற வரைக்கும் விடமாட்டேன் என்று சொன்னார். ஆம்பிளைகள் தொப்பியைத் தூக்கினார்கள். பொம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் அவர் கிளறுவதை மறந்துவிட்டார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சொல்ல வாய் வரவில்லை.

முதலில் நோர்பர்ட் மாமா மூக்கை உறிஞ்சினார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேரும் மூக்கை உறிஞ்ச, கொட்டகை முழுக்க அந்த நாற்றம் ஏறியது. உன் அப்பா அண்டாவைப் பார்த்தார், கையில் இருந்த துடுப்பைப் பார்த்தார், முகம் வெளுத்துப் போயிற்று. லவோனுக்கு வாய் சும்மா இருக்குமா.

"அண்ணே, துடுப்பைக் கையில வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுற நீ" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை என்று அவர் சொல்ல, சிவப்புச் சட்டைகள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன, நான் கோலெட்டைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த பலகாரத் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு நேராக வந்து அப்பா கையிலிருந்து துடுப்பை வாங்கினாள். கருகின அண்டாவைத் தொடவில்லை, தொட்டால் மேலே இருப்பதும் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும், கோழி அண்டாவுக்குப் போய் அதைக் கிளற ஆரம்பித்தாள். கிளறிக்கொண்டே, முகத்தை ஆவியில் வைத்துக்கொண்டே, எனக்கு மாடிசன்தான்ப்பா வேணும் என்றாள்.

உன் அப்பா அவள் பக்கத்தில் போய் நின்று மெதுவாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது.

"ரெனேயும் இதையேதான் சொன்னா. எனக்கு அந்த ஊர் பிடிக்கலைன்னு சொன்னா. நான் நம்பிட்டேன்."

கண்ணு, உனக்குச் சிகாகோவில் அந்தத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்ததும், நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து பிடிக்கவில்லை என்று சொன்னதும், இங்கே பக்கத்துக் கிரீன் பே நகரத்திலேயே படித்து முடித்ததும் எனக்கு எப்போதோ முடிந்துபோன சங்கதி. இந்த மனுஷன் இத்தனை நாளும் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். மேசையைத் தட்டினது, ஸ்டிக்கர் ஒட்டினது, செலவைப் பேசாதே என்றது எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்னொரு பெண்ணும் அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்து ஆசையை மடித்து வைத்துவிடக் கூடாது என்று அவளுக்கு முந்திக்கொண்டு இவர் ஆசைப்பட்டிருக்கிறார்.

கோலெட் அழுதுகொண்டே கிளறினாள், ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

"செலவும் ஒரு காரணந்தான்ப்பா, இல்லைன்னு சொன்னா இதுவும் அடி பிடிக்கும். ஆனா அது ரெண்டாவது. அந்த ஆல்டன்பரியில ஒரு குளம் இருந்துச்சு, ரெண்டு அன்னம் விட்டிருந்தாங்க, அதுல யாரும் கால் வைக்கக் கூடாதாம். மாடிசன்ல என்னை யாரு, எந்த ஊருன்னு ஒருத்தரும் கேக்கலை, இந்தா பாட்டிலைப் பிடின்னாங்க. எனக்கு அந்தச் சேத்துல இறங்கணும். நம்ம தண்ணி ஏன் பச்சையாகுதுன்னு தெரிஞ்சுக்கணும். வேற ஒண்ணும் இல்லை."

அப்புறமும் கிளறிக்கொண்டே இருந்தாள். ஊரே காத்திருந்தது. நோர்பர்ட் மாமா தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, அண்டாவின் மேல் குனிந்து, இந்தப் பக்கம் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் முகர்ந்தார். பூசை வைக்கிற சாமியார் முகத்தில்கூட அவ்வளவு பயபக்தி நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து, அடி பிடிக்கலை என்றார். அவ்வளவுதான், பொம்பிளைகள் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. ஆம்பிளைகள் என்ன ஏது என்று தெரியாமல் பெண்சாதிகளைப் பார்க்க, உனக்கு முன்னாடியே தெரியுமா, உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கொட்டகை முழுக்க அதே கேள்விதான். அதில் இரண்டு வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

உன் அப்பா முட்டைக்கோஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நான் ஓடிப்போனேன், இரண்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்க் கோலெட்டிடம் துடுப்பைக் கேட்டு வாங்கினார், நானும் ஒண்ணு சொல்லிடறேன் என்றார். எல்லோரும் மறுபடியும் மூக்கைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"அந்தப் பொண்ணு பின்னாடியே நடந்து காட்டுச்சே, அதைப் பார்த்ததிலேர்ந்து அந்தக் காலேஜுக்குப் போகணும்னு ஆசை எனக்குத்தான்" என்றார்.

அடி பிடிக்கவில்லை. நோர்பர்ட் மாமா முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை, எல்லோரும் சிரித்த சிரிப்பில் லவோனுக்கு விக்கலே வந்துவிட்டது. கோலெட் அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டாள், துடுப்பு அண்டாவுக்குள் விழ, அதை எடுக்க மூன்று தீயணைப்புக்காரர்கள் வேண்டியிருந்தது. பச்சைத் துணியைத் திருப்பிக் கட்டி, வெற்றுப் பக்கத்தில் செர்ரிச் சாற்றால் மாடிசன் என்று எழுதினார்கள். கருகின அண்டாவையும் ஒரு சொட்டு விடாமல் ஊரே வாங்கித் தின்றது, புகை வாசனை இந்தத் தடவை பிரமாதம் என்று ஒவ்வொருத்தராக வந்து உன் அப்பா முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள், அவர்கள் யார் கையிலும் துடுப்பு இல்லை. மே முதல் தேதி கோலெட் சிவப்புச் சட்டையில் பள்ளிக்கூடம் போனாள், அப்பாவும் சிவப்புச் சட்டையில் பால் எடுக்கப் போனார். வண்டிக் கண்ணாடியில் ஆல்டன்பரி ஸ்டிக்கரை மட்டும் கிழிக்கவில்லை, பக்கத்தில் மாடிசன் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டார், யாராவது கேட்டால் இது மகளுக்கு, அது எனக்கு என்கிறார். இப்போதும் சில நாள் மாட்டுக்கொட்டகையில் பின்பக்கமாக நடக்கிறார், குழியை மட்டும் லவோன் பலகை போட்டு மூடிவிட்டாள்.

மற்றபடி நாய்க்குக் காது புண் ஆறிவிட்டது. லவோன் அடுத்து என்ன நிறம் பூசலாம் என்று உன்னைக் கேட்கச் சொன்னாள், நீ பதில் எழுதாதே, எழுதினால் நான்தான் அவதிப்படவேண்டும். கனமான காலுறை நாலு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், குதிரையில் ஏறினால் தலைக்கவசம் போட்டுக்கொள், அங்கே யாரும் போடுவதில்லை என்று எனக்குக் கதை சொல்லாதே. பல் வலியை உதாசீனம் பண்ணாதே, பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மாவிடம் மரியாதையாக நடந்துகொள், அவர்கள் கொடுக்கிற புளித்த பாலை முகம் சுளிக்காமல் குடி, நீ பால்காரர் மகள் என்பதை நினைவில் வை.

இந்தக் கடிதத்தோடு சின்னதாக ஒரு மரக்கரண்டி இருக்கும், பத்திரமாகப் பிரி. கருகின துடுப்பின் முனையை வெட்டி எடுத்து உன் அப்பா நாலு நாள் உட்கார்ந்து செதுக்கினது. அவர் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டுமென்கிறார், வாயால் கேட்க அவருக்கு வரவில்லை, என்னை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறார். அந்தக் கரண்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதணுமாம். சிகாகோ உனக்கு நிஜமாகவே பிடிக்கவில்லையா, இல்லை எங்களுக்காகச் சொன்னாயா? உன்னைத் திட்ட இல்லை, பழைய கணக்குத் தீர்க்கவும் இல்லை, அவருக்குத் தெரிய வேண்டும், இப்போது எனக்கும் தெரிய வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது, நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். பிடித்திருந்தது என்றால் அதையும் ஒளிக்காமல் எழுது. எங்கள் மனசு கருகும் என்று நீ பயப்படாதே ரெனே, அடி பிடித்ததையும் உட்கார்ந்து தின்று தீர்த்தவர்கள்தான் நாங்கள்.

மாதா உன்னைத் தன் முந்தானையில் பொத்தி வைத்துக் காப்பாற்றட்டும். நீ ஏறுகிற குதிரை எல்லாம் சாதுவாக இருக்கட்டும்.

உன் அப்பாவின் முத்தங்களோடும், கோலெட்டின் கிள்ளலோடும்,

உன் அம்மா
ஜானின் மசார்